கொலம்பியாவில் காணாமல் ஆக்கப்பட்ட சமூகச் செயற்பாட்டாளர்களுக்காகக் குரல் கொடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

“கொலம்பியாவில் ஓர் ஊர்த் தலைவரைத் துணை ராணுவக் கும்பல் கடத்திவிட்டது, உடனே கடிதம் எழுதுங்கள்” என்று மனித உரிமை அமைப்புகளிடமிருந்து வேண்டுகோள் வரும். அதைப் பார்த்ததும் எழும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவைதான். அவற்றுக்கான பதில்கள் இங்கே. சில கேள்விகளுக்கு ஒரு வரி போதும். சிலவற்றுக்குக் கொஞ்சம் வரலாறு சொல்லியாக வேண்டும்.

சமூகச் செயற்பாட்டாளர் என்று யாரைச் சொல்கிறார்கள்?

பெரிய கட்சிப் புள்ளிகளை அல்ல. கிராமக் குழுவின் தலைவர், பழங்குடி ஊர்த் தலைவர், ஆப்பிரிக்க வம்சாவளிக் கறுப்பின மக்களின் நிலக் குழுவில் இருப்பவர், தொழிற்சங்கக்காரர், பறிபோன நிலத்தைத் திரும்பக் கேட்டு மனுப் போட்ட விவசாயி, சுரங்கமோ அணையோ வேண்டாம் என்று கூட்டம் கூட்டியவர். அநேகமாக ஊருக்கு வெளியே யாருக்கும் தெரியாத பெயர்கள். 2023-இல் உலகெங்கும் நிலத்துக்காகவும் சுற்றுச்சூழலுக்காகவும் போராடிக் கொல்லப்பட்டவர்கள் என்று குளோபல் விட்னஸ் அமைப்பு பதிவு செய்த 196 பேரில் 79 பேர் கொலம்பியர்கள். ஒரே நாட்டில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்.

துணை ராணுவம் என்றால் நம்மூர் சிஆர்பிஎஃப் மாதிரியா?

இல்லை. சிஆர்பிஎஃப் சட்டப்படி அமைந்த அரசுப் படை. கொலம்பியாவில் பேசப்படுவது சீருடை போட்ட தனியார் ஆயுதக் கும்பல்கள். ஆனால் அவை வானத்திலிருந்து குதித்து வரவில்லை. இடதுசாரி கெரில்லாக்களை எதிர்க்க ஊர்மக்களுக்கு ஆயுதம் கொடுக்கலாம் என்று 1965-இல் ஓர் அரசாணை வந்தது. 1968-இல் அதை நிரந்தரச் சட்டமாக்கினார்கள். பண்ணை முதலாளிகளும், பின்னாளில் கொக்கெய்ன் வியாபாரிகளும் இந்த ஏற்பாட்டுக்குள் புகுந்து பணத்தைக் கொட்டினார்கள். 1989-இல் சட்ட அனுமதி போனது, கும்பல்கள் போகவில்லை. 1997-இல் பல குழுக்கள் ஒன்றுசேர்ந்து ஏயூசி என்ற பெயரில் கூட்டமைப்பாயின. 2003 முதல் 2006 வரை 30,000-க்கும் மேற்பட்டோர் ஆயுதத்தை ஒப்படைத்ததாக அரசு கணக்குக் காட்டியது. விட்டுப்போன இடங்களைப் புதுப் பெயர்களோடு வந்தவர்கள் பிடித்துக்கொண்டார்கள். ‘கறுப்புக் கழுகுகள்’ என்ற பெயரில் மிரட்டல் தாள்கள் வந்தன. வளைகுடா கும்பல் என்று அரசு அழைக்கும் படை இன்று பல மாவட்டங்களில் கடை வரி வசூலிப்பது முதல் ஊரடங்கு போடுவது வரை தானே செய்கிறது.

கடத்தியது கும்பல் என்றால், கடிதத்தை அரசுக்கு எழுதி என்ன ஆகப்போகிறது?

இந்தப் பக்கத்தில் உள்ளதிலேயே முக்கியமான கேள்வி இதுதான். “அடையாளம் தெரியாத நபர்கள்” என்ற சொற்றொடர் கிடைப்பதற்காகவே இப்படிப்பட்ட கும்பல்கள் பயன்படுகின்றன. கொலை நடக்கும், அரசின் கையில் ரத்தம் ஒட்டாது. நீங்களும் கும்பலை மட்டும் சாடி எழுதினால் அந்த ஏற்பாட்டுக்குத்தான் ஒத்துழைக்கிறீர்கள்.

ஓர் உதாரணம். 1990 ஜனவரி 14 இரவு, உராபா பகுதியில் உள்ள புவெப்லோ பெய்யோ கிராமத்துக்குள் சுமார் 60 ஆயுததாரிகள் புகுந்தார்கள். அவர்கள் துணை ராணுவத் தலைவன் ஃபிதெல் கஸ்தாஞோவின் ஆட்கள். மாடு திருடு போனதற்குப் பழிவாங்க வந்ததாகச் சொல்லப்பட்டது. 43 ஆண்களை இரண்டு லாரிகளில் ஏற்றிக்கொண்டு போனார்கள். போகும் சாலையில் ராணுவச் சோதனைச்சாவடி இருந்தது. காணாமல் போனவர்களைத் தேடி அந்த முகாமுக்குப் போன குடும்பத்தினருக்கு உருப்படியான பதில் கிடைக்கவில்லை. பிறகு ஆறு பேரின் உடல்கள் மட்டும் அடையாளம் காணப்பட்டன; மற்ற 37 பேர் காணாமல் போனவர்களாகவே நின்றார்கள்.

லாரியை ஓட்டியது சிப்பாய் இல்லையே என்ற வாதம் அமெரிக்க நாடுகளுக்கான மனித உரிமை நீதிமன்றத்தில் எடுபடவில்லை. இந்தக் கும்பல்கள் உருவாக வழிசெய்தது அரசின் சட்டம். ஆபத்து இருக்கிறது என்று தெரிந்தும் தடுக்க வேண்டியதைச் செய்யவில்லை. ஆகவே அரசே பொறுப்பு என்று 2006 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. ஐநாவின் காணாமல் ஆக்கப்படுதலுக்கு எதிரான உடன்படிக்கையும் (2006-இல் நிறைவேறியது, 2010-இல் நடைமுறைக்கு வந்தது) இதையே சொல்கிறது: அரசின் அனுமதியோடோ, ஆதரவோடோ, கண்டுகொள்ளாமையோடோ யார் செய்தாலும் அது காணாமல் ஆக்குதல்தான். அரசுக்குத் துளியும் தொடர்பில்லை என்றே வைத்துக்கொண்டாலும், விசாரித்துக் குற்றவாளியை நிறுத்தும் கடமை அரசுடையது.

எனவே முகவரி ஜனாதிபதிக்கும் அரசுத் தலைமை வழக்கறிஞர் அலுவலகத்துக்கும். நகல் உங்கள் நாட்டில் உள்ள கொலம்பியத் தூதரகத்துக்கு.

நன்கு அறியப்பட்ட ஒருவரின் கதையைச் சொல்ல முடியுமா?

கிமி பெர்னியா டொமிகோ. வடக்குக் கொலம்பியாவில் கோர்தோபா மாகாணத்தில், சினூ ஆற்றின் மேற்பகுதியில் வாழும் எம்பேரா கட்டியோ பழங்குடிகளின் தலைவர். அந்த ஆற்றை மறித்து உர்ரா அணை கட்டப்பட்டது. அணை வந்தால் ஆற்றில் ஏறிவந்து முட்டையிடும் பொக்காசீக்கோ மீன் நின்றுபோகும். அந்த மக்களின் அன்றாடச் சோறே அந்த மீன்தான். படகுப் பயணம் நின்றது, தாழ்நிலங்கள் மூழ்கின. எங்களைக் கேட்காமல் கட்டியது செல்லாது என்று வழக்குப் போட்டார்கள். 1998-இல் அரசியல் சாசன நீதிமன்றம் எம்பேராக்களின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அணைக்குக் கடன் கொடுத்ததில் கனடாவின் ஏற்றுமதிக் கடன் நிறுவனமும் உண்டு என்பதால், 1999-இல் கிமி ஒட்டாவா வரை போய் அங்குள்ள நாடாளுமன்றக் குழு முன் சாட்சி சொன்னார்.

2001 ஜூன் 2 அன்று தியெர்ரால்தா ஊரில் ஆயுதம் ஏந்தியவர்கள் அவரை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். உடனே உலகம் முழுவதும் கடிதங்கள் பறந்தன. கனடாவில் அவரை நேரில் சந்தித்திருந்தவர்கள் தங்கள் அரசை நெருக்கினார்கள். நாட்டின் பல மூலைகளிலிருந்தும் பழங்குடிகள் கூட்டமாகத் திரண்டு, துணை ராணுவம் ஆண்ட பகுதிக்குள்ளேயே அவரைத் தேடிப் போனார்கள். வெறுங்கையோடு ஆயுதக்காரன் வாசலில் போய் “எங்கள் தலைவர் எங்கே” என்று கேட்பதை எத்தனை பேர் செய்வார்கள்?

கிமி திரும்பவில்லை. ஏயூசியின் முக்கியத் தளபதி சல்வதோரே மன்குசோ, ஆயுதத்தை ஒப்படைத்த பிறகு 2007-இல் நடந்த விசாரணையில், அவரைக் கொன்றதையும் உடல் சினூ ஆற்றில் போடப்பட்டதையும் ஒப்புக்கொண்டார். எந்த ஆற்றுக்காகப் பேசினாரோ அதே ஆற்றில். இதைச் சொல்வது மனத்தைத் தளரவைக்க அல்ல. ஆறு வருடம் விடாமல் கேட்டதால்தான், விசாரணையில் மன்குசோ உட்கார்ந்தபோது கேட்கப்பட்ட பெயர்களில் இவர் பெயரும் இருந்தது. கேட்க ஆளில்லாத ஆயிரக்கணக்கான பெயர்கள் அந்த அறைக்குள் வரவே இல்லை.

மிரட்டல் வரும் கட்டத்திலேயே ஏதாவது செய்ய முடியாதா?

செய்ய முடியும், செய்ய வேண்டிய நேரமும் அதுதான். ஒரு தாளில் சிலரின் பெயர்களை அச்சிட்டு, “இவர்கள் எங்கள் ராணுவ இலக்கு, இத்தனை மணி நேரத்துக்குள் ஊரைவிட்டுப் போக வேண்டும்” என்று கதவுக்கு அடியில் செருகுவது வழக்கமான முறை. இப்போது அதே தாள் வாட்ஸ்அப்பில் வருகிறது.

மக்கள் குறைதீர்ப்பாளர் அலுவலகம் முன்னெச்சரிக்கை அறிக்கைகள் வெளியிடுகிறது. ஊர் பெயர், யாருக்கு ஆபத்து, எந்தக் கும்பலிடமிருந்து என்று விவரமாகவே இருக்கும். எச்சரிக்கை வந்த பிறகும் கொலை நடப்பதுதான் கொடுமை. அரசின் தேசியப் பாதுகாப்புப் பிரிவு 2011 முதல் இயங்குகிறது. மிரட்டப்பட்டவருக்குக் குண்டு துளைக்காத மேலாடை, ஒரு கைபேசி, ஆபத்து அதிகம் என்றால் மெய்க்காவலர்களும் கவச வண்டியும் தரும். சாலையே இல்லாத ஆற்றங்கரைக் கிராமத்துக்குக் கவச வண்டி எதற்கு? அந்த மேலாடையைப் போட்டுக்கொண்டு வயலில் இறங்கினால், இவர்தான் இலக்கு என்று தூரத்திலிருந்தே தெரியும். அதனால்தான் ஊர்கள் கூட்டுப் பாதுகாப்பு கேட்கின்றன. கௌகா மாகாணத்தில் பழங்குடிக் காவலர்கள், வண்ண நாடாக்கள் கட்டிய கைத்தடியைத் தவிர வேறு ஆயுதமில்லாமல், நூற்றுக்கணக்கில் போய்க் கடத்தப்பட்டவர்களை மீட்டுக்கொண்டு வந்ததும் உண்டு. வெளிநாட்டுத் தன்னார்வலர்கள் மிரட்டப்பட்டவர்களோடு கூடவே நடக்கும் வேலையை, சர்வதேச அமைதிப் படையணி என்ற அமைப்பு 1994 முதல் அங்கே செய்துவருகிறது.

ஆகவே மிரட்டல் கட்டத்தில் எழுதும் கடிதத்தில் “பாதுகாப்புக் கொடுங்கள்” என்று பொதுவாகக் கேட்காமல், “அவரும் அவருடைய ஊரும் கேட்கும் விதத்தில் பாதுகாப்புக் கொடுங்கள்” என்று எழுதுங்கள்.

ஆளைக் காணோம் என்றதும் முதலில் என்ன நடக்க வேண்டும்?

தேடல். 24 மணி நேரம், 72 மணி நேரம் பொறுத்துப் புகார் கொடுங்கள் என்று காவல் நிலையத்தில் சொன்னால் அது தவறு. கொலம்பியாவில் 2000-ஆம் ஆண்டின் 589-ஆம் எண் சட்டம் காணாமல் ஆக்குதலைத் தனிக் குற்றமாக்கியது. அதையொட்டி வந்த அவசரத் தேடல் முறைப்படி, யார் கேட்டாலும் நீதிபதியோ அரசு வழக்கறிஞரோ தேடலைத் தொடங்கியாக வேண்டும். உறவினர்தான் வர வேண்டும் என்பதும் இல்லை. தேடப்படுபவர் உயிரோடு இருக்கிறார் என்று கொண்டே தேட வேண்டும் என்பது, ஐநாவின் காணாமல் ஆக்கப்பட்டோர் குழு 2019-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில் முதலாவது.

அந்தக் குழுவிடமே நேரடியாக அவசர நடவடிக்கை கோரலாம். உடன்படிக்கையின் 30-ஆவது பிரிவு அதற்குத்தான். அமெரிக்க நாடுகளுக்கான மனித உரிமை ஆணையத்திடம் முன்னெச்சரிக்கைப் பாதுகாப்பு ஆணையும் கேட்கலாம். இவற்றைக் குடும்பத்தின் வழக்கறிஞர்களோ உள்ளூர் அமைப்போ செய்வார்கள். ஆர்வக் கோளாறில் நீங்களே மனுப் போட்டுக் குழப்பிவிட வேண்டாம்.

கடிதத்தில் என்ன எழுதுவது?

ஒரு பக்கத்துக்குள். மரியாதையாக. கடிதத்தின் உடல் ஏறக்குறைய இப்படி இருக்கலாம்:

“மாண்புமிகு அரசுத் தலைமை வழக்கறிஞர் அவர்களுக்கு, ………… கிராமக் குழுவின் தலைவர் ………… அவர்கள், ………… தேதி மாலை ………… இடத்திலிருந்து ஆயுதம் ஏந்தியவர்களால் கொண்டுசெல்லப்பட்டார். அதற்கு முன்பே தமக்கு மிரட்டல் வந்ததை அவர் அதிகாரிகளிடம் தெரிவித்திருந்தார். அவரைத் தேடும் அவசர நடவடிக்கையை உடனே முடுக்கிவிடுமாறும், அப்பகுதியில் இயங்கும் துணை ராணுவக் குழுக்களுக்கும் அரசுப் படையினருக்கும் உள்ள தொடர்பைச் சுதந்திரமாக விசாரிக்குமாறும், அவருடைய குடும்பத்துக்கும் குழுவின் மற்ற உறுப்பினர்களுக்கும் அவர்கள் விரும்பும் விதத்தில் பாதுகாப்பு அளிக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன். எடுத்த நடவடிக்கையை எனக்குத் தெரியப்படுத்த வேண்டுகிறேன்.”

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். அதற்குப் பதில் வருவது அபூர்வம்தான். ஆனால் பதில் கேட்ட கடிதத்துக்குக் கோப்பில் ஓர் எண் போட வேண்டியிருக்கும். “மிரட்டலை முன்பே தெரிவித்திருந்தார்” என்ற வரியும் அப்படித்தான்: தெரியாது என்று அரசு பின்னாளில் சொல்ல இடம் தராது. அது உண்மையாக இருந்தால் மட்டும் எழுதுங்கள். வேண்டுகோளில் உள்ள தகவலுக்கு மேல் ஒரு சொல்லையும் சேர்க்காதீர்கள்.

ஸ்பானிய மொழியில் எழுதினால் நல்லது. வேண்டுகோளுடன் மாதிரிக் கடிதம் பெரும்பாலும் வரும். ஆங்கிலமும் பரவாயில்லை.

எதை எழுதக் கூடாது?

வீட்டு முகவரி, பிள்ளைகள் படிக்கும் பள்ளி, குடும்பம் இப்போது ஒளிந்திருக்கும் ஊர். குடும்பம் வெளியிடாத படங்கள். அவருடைய கட்சி, கொள்கை பற்றிய உங்கள் யூகங்கள். வசை. கும்பலின் தலைவன் பெயரைப் போட்டுச் சவால் விடும் வீர வசனங்கள். நீங்கள் பத்தாயிரம் மைல் தள்ளி இருக்கிறீர்கள், அதற்கான விலையைக் கொடுப்பது அந்த ஊர்.

அவர் கெரில்லா ஆள் என்கிறார்களே, விசாரிக்காமல் ஆதரிக்கலாமா?

இந்தப் பழி அநேகமாக எல்லா வழக்கிலும் வரும். பல நேரம் கொலைக்கு முன்னாலேயே வந்துவிடும்; கொலைக்கு ஊரைத் தயார்செய்வதே அதன் வேலை. சான் ஹோசே தெ அபர்த்தாதோ என்ற மலைக்கிராம மக்கள் 1997 மார்ச்சில் தங்களை அமைதிச் சமூகம் என்று அறிவித்தார்கள்: ஆயுதம் ஏந்த மாட்டோம், எந்தத் தரப்புக்கும் தகவல் சொல்ல மாட்டோம், எந்தத் தரப்பும் எங்கள் மண்ணில் நிற்கக் கூடாது. எல்லாத் தரப்புமே அவர்களை எதிரியாகப் பார்த்தது. 2005 பிப்ரவரி 21 அன்று அவர்களின் தலைவர்களில் ஒருவரான லூயிஸ் எதுவார்தோ கெர்ராவும் சிறு பிள்ளைகளும் உள்பட எட்டுப் பேர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். செய்தது கெரில்லாக்கள் என்றது அரசு. ஜனாதிபதி ஊரிபே அந்தச் சமூகத்தில் சிலர் மீதே கெரில்லாத் தொடர்பு என்று பழி போட்டார். பிறகு ராணுவக் கேப்டன் ஒருவரே, தம் படையும் துணை ராணுவமும் சேர்ந்து ரோந்து போனதை ஒப்புக்கொண்டு சிறைக்குப் போனார். 2013-இல் ஜனாதிபதி சாந்தோஸ் அந்தப் பழிச்சொற்களுக்காக மன்னிப்புக் கேட்டார். எட்டு வருடம் கழித்து.

இன்னொன்று: ஒருவேளை அவர் குற்றமே செய்திருந்தாலும் கைது செய்து நீதிமன்றத்தில் நிறுத்த வேண்டும். கடத்திக்கொண்டு போவதற்கு எந்தச் சட்டத்திலும் இடமில்லை.

உண்மையைச் சொல்லுங்கள், கடிதங்களால் யாராவது பிழைத்திருக்கிறார்களா?

பிழைத்திருக்கிறார்கள். ஆம்னெஸ்டி என்ற மனித உரிமை அமைப்பின் முதல் அவசர வேண்டுகோள் 1973 மார்ச்சில், பிரேசிலில் ராணுவ ஆட்சியால் பிடித்துச்செல்லப்பட்ட லூயிஸ் பசீலியோ ரோஸ்ஸி என்ற பேராசிரியருக்காக வந்தது. அவர் உயிரோடு வெளியே வந்தார். ஆனால் அங்கே அவரைப் பிடித்து வைத்திருந்தது அரசு. கும்பலிடம் சிக்கியவர்களுக்கு வாய்ப்பு குறைவு, அதை மறைத்துப் பயனில்லை. கடிதத்தால் பெரும்பாலும் நடப்பது சுற்றுவழியில்: அடுத்த பெயருக்குப் பாதுகாப்புக் கிடைக்கும், கோப்பு மூடப்படாமல் இருக்கும், உள்ளூர் அரசு வழக்கறிஞரிடமிருந்து வழக்கு தலைநகருக்கு மாறும், உள்ளூர் அதிகாரிக்கு மேலிடத்திலிருந்து ஒரு தொலைபேசி வரும்.

முகநூலில் பகிர்ந்தால் போதாதா?

பகிருங்கள், ஆனால் வேண்டுகோளின் தேதியைப் பார்த்துவிட்டு. மூன்று வருடத்துக்கு முந்தைய படம் சுற்றிக்கொண்டே இருந்தால் புதிய வேண்டுகோளும் பழையது என்றே கடந்து போகும். பகிர்வு கடிதத்துக்குப் பதிலாகாது.

பணம் திரட்டி அனுப்பலாமா?

குடும்பமோ அவர்களுடைய அமைப்போ கேட்டால் மட்டும், அவர்கள் சொல்லும் வழியில் மட்டும்.

தேடுகிறவர்களுக்கும் ஆபத்து வருமா?

வரும். காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்கள் 1980-களில் தொடங்கிய அஸ்ஃபாதெஸ் சங்கத்தைச் சேர்ந்த ஆங்கெல் கின்தேரோவும் கிளாதியா பத்ரீசியா மொன்சால்வேயும் 2000 அக்டோபர் 6 அன்று மெடலின் நகரில் காணாமல் ஆக்கப்பட்டார்கள். இருவருமே தங்கள் உறவினர்களைத் தேடிக்கொண்டிருந்தவர்கள். அந்தச் சங்கத்தின் தொலைபேசியைக் காவல்துறைப் பிரிவு ஒன்று சட்டவிரோதமாக ஒட்டுக்கேட்டது பின்னர் அம்பலமானது. கடிதத்தில் குடும்பத்துக்குப் பாதுகாப்புக் கேட்கும் வரியைச் சம்பிரதாயமாக நினைக்க வேண்டாம் என்பது இதனால்தான். ஒருங்கிணைப்பாளர்களோடு பேசும்போது சாதாரணத் தொலைபேசியில் இடம், பயண நேரம் போன்றவற்றைச் சொல்லாமல் இருப்பதும் இதனால்தான்.

தேடுவது பெரும்பாலும் பெண்கள்: தாய், மனைவி, அக்கா. கிளிநொச்சியில் 2017 பிப்ரவரியில் பந்தல் போட்டு உட்கார்ந்த அம்மாக்களை அறிந்தவர்களுக்கு இது புதிதில்லை. தேடும் பெண்களை அங்கீகரித்துப் பாதுகாக்கவென்றே கொலம்பியா 2024-இல் ஒரு தனிச் சட்டம் கொண்டுவந்தது.

பல வருடம் ஆகிவிட்டது, இன்னும் எழுதுவதில் பொருள் உண்டா?

2022 ஜூனில் வெளியான உண்மை ஆணையத்தின் இறுதி அறிக்கை, 1985 முதல் 2016 வரை 1,21,768 பேர் காணாமல் ஆக்கப்பட்டதாகக் கணக்கிட்டது. அதில் பாதிக்குச் சற்று மேல், 52 சதவீதம், துணை ராணுவக் குழுக்களின் வேலை. ஃபார்க் கெரில்லாக்களோடு அரசு செய்த 2016 அமைதி ஒப்பந்தத்தின் வழியாகப் பிறந்த தேடல் பிரிவு இந்தப் பெயர்களைத் தேடுகிறது. அது யாரையும் தண்டிக்காது. அதனால்தான் அதனிடம் வாய் திறப்பவர்களும் உண்டு.

மெடலினின் கொமுனா 13 பகுதியில் 2002 அக்டோபரில் ராணுவமும் காவல்துறையும் ஓரியன் என்ற பெயரில் நடவடிக்கை எடுத்தன. அதன் பின் அந்தப் பகுதி துணை ராணுவத்தின் பிடியில் போனது. எங்கள் பிள்ளைகளைக் கொன்று, மலைச்சரிவில் கட்டட இடிபாடு கொட்டும் லா எஸ்கொம்ப்ரேராவில் புதைத்தார்கள் என்று தாய்மார்கள் அன்றிலிருந்தே சொன்னார்கள். லாரி லாரியாக மண்ணும் செங்கல்லும் அதன்மேல் கொட்டப்பட்டுக்கொண்டே இருந்தன. 2015-இல் தோண்டியும் எதுவும் கிடைக்கவில்லை. கிழவிகளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று பேசியவர்கள் உண்டு. 2024 டிசம்பரில் முதல் மனித எச்சங்கள் வெளியே வந்தன. “கிழவிகள் சொன்னது சரிதான்” என்று இளைஞர்கள் சுவரில் பெரிதாக எழுதினார்கள். நகராட்சி சாம்பல் வண்ணம் பூசி அழித்தது. மறுபடி எழுதினார்கள்.

எப்போது எழுதுவதை நிறுத்த வேண்டும்?

குடும்பமும் அவர்களுடைய அமைப்பும் நிறுத்தச் சொன்னால், அன்றே. பேச்சுவார்த்தை நடக்கும்போது அப்படிச் சொல்வார்கள், காரணம் கேட்காதீர்கள். வேண்டுகோளில் போட்டிருக்கும் கடைசித் தேதி கடந்திருந்தால், வெளியிட்ட அமைப்பிடம் நிலவரம் கேட்டுவிட்டு எழுதுங்கள். அப்படி எதுவும் இல்லாதவரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதே அலுவலகத்துக்கு, முந்தைய கடிதத்தின் தேதியைக் குறிப்பிட்டு, “தேடல் எந்த நிலையில் உள்ளது?” என்று ஒரே கேள்வியோடு எழுதினால் போதும்.